முழுக் கட்டணம் யாருக்கு? மெட்ரோ டிக்கெட், ஆலங்காயத்திலிருந்து ஒரு பார்வை

ஆலங்காயத்துக்கு ரயில் கிடையாது. ஜவ்வாது மலையடிவாரத்தில், திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள இந்தப் பேரூர்க்காரர்கள் ரயிலேற வேண்டுமென்றால் பஸ் பிடித்து வாணியம்பாடிக்குப் போக வேண்டும். அங்கிருந்து தண்டவாளம் இரண்டு பெருநகரங்களுக்குப் போகிறது. கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில் சென்னை; மேற்கே அதைவிடக் குறைந்த தூரத்தில் பெங்களூரு. மருத்துவமனை, நீதிமன்றம், விமான நிலையம், கட்டட வேலை, கல்லூரிச் சேர்க்கை என்று ஏதோ ஒரு காரணத்துக்காக இந்த வட்டாரத்து மக்கள் இரண்டு ஊர்களுக்கும் போய்வருகிறார்கள். இரண்டிலும் ரயிலை விட்டு இறங்கும் இடத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஒன்று சென்ட்ரல், மற்றது மெஜஸ்டிக்.

இரண்டிலும் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். ஒற்றுமை அத்தோடு முடிகிறது. சென்னையில் எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாயைத் தாண்டாத அடுக்குப் பட்டியல் 2021இல் வந்தது. பெங்களூரில் 2025இல் நடந்த உயர்வு உச்சக் கட்டணத்தை 90 ரூபாய்க்குக் கொண்டுபோனது. இரண்டுக்கும் ஒரே சட்டம், ஏறக்குறைய ஒரே வகை ரயில். பிறகு ஏன் இந்த வேறுபாடு? கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள், எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள், எந்த வழியில் வசூலிக்கிறார்கள் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். கூடவே இன்னொன்றும் தெரியவரும். சலுகைகளையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், முழுக் கட்டணத்தையும் கட்டும் வரிசையில் நிற்பவர் நகரத்துக்கு எப்போதாவது வருகிறவர்தான்.

யார் தீர்மானிப்பது?

பெரும்பாலான இந்திய மெட்ரோக்களின் கட்டணம் 2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில்வே (இயக்கம் மற்றும் பராமரிப்பு) சட்டத்தின்கீழ் வருகிறது. கட்டணத்தைப் பரிந்துரைக்க ஒரு கட்டண நிர்ணயக் குழுவை மத்திய அரசு அமைக்கலாம். பதவியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அதன் தலைவர். மத்திய அரசின் சார்பில் ஒருவரும் மாநில அரசின் சார்பில் ஒருவரும் உறுப்பினர்கள். குழு சொல்வது மெட்ரோ நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் பாதை திறக்கும்போது முதல் கட்டணத்தை மட்டும் குழு இல்லாமல் நிர்வாகமே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் விட்டிருக்கிறது.

சென்னையில் அந்த முதல் கட்டணம் 2015 ஜூன் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை சுமார் 10 கிலோமீட்டர். முழுத் தூரத்துக்கும் 40 ரூபாய். அன்றைக்குத் தில்லி மெட்ரோவின் உச்சக் கட்டணமே 30 ரூபாய்தான். அதிகம், மிக அதிகம் என்ற குரல் முதல் நாளே எழுந்தது. பாதை நீள நீளக் கட்டணமும் நீண்டு 70 ரூபாய் வரை போனது. 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கட்டணக் குறைப்பை அறிவித்தார். பிப்ரவரி 22 முதல் உச்சக் கட்டணம் 50 ரூபாயாக இறங்கியது. அடுத்த ஆறு வாரத்தில் சட்டமன்றத் தேர்தல். குறைப்புக்குத் தேர்தல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதலமைச்சரின் அறிவிப்பாக அது வந்தது என்பதே, விலை எங்கே முடிவாகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

பெங்களூரில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே 2017க்குப் பிறகு பல ஆண்டுகள் கட்டணம் தொடப்படவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். தாரணி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2025 பிப்ரவரி 9 அன்று கட்டணம் உயர்ந்தது. உச்சம் 60இலிருந்து 90. சில நிலையங்களுக்கிடையே கட்டணம் இரட்டிப்பாகிவிட்டது என்று பயணிகள் கொதித்த பின், சில நாட்களிலேயே, எந்தப் பயணத்துக்கும் உயர்வு 71 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தினார்கள்.

தில்லியில் 2017 மே மாதமும் அக்டோபர் மாதமும் இரண்டு தவணைகளில் ஏறிய கட்டணத்தை மாநில அரசு எதிர்த்தும் நிறுத்த முடியவில்லை. குழுவின் முடிவு கட்டுப்படுத்தும் என்பதே சொல்லப்பட்ட காரணம். மும்பையின் முதல் பாதையில், தனியார் பங்கேற்போடு கட்டப்பட்ட வெர்சோவா–காட்கோபர் வழியில், 2015இல் ஒரு குழு 110 ரூபாய் வரை போகலாம் என்று பரிந்துரைத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2017இல் அந்தப் பரிந்துரையை ரத்து செய்தது. ஐதராபாத்தில் 2025 மே மாதம் உச்சக் கட்டணம் 60இலிருந்து 75 ஆனது. எதிர்ப்பு கிளம்பியதும் 10 சதவீதத் தள்ளுபடி தந்து இறக்கினார்கள்.

இத்தனை ஊர்களின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. பல ஆண்டுகள் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்து ஒரே மூச்சில் உயர்த்துவதுதான் மக்களை அதிகம் காயப்படுத்துகிறது. அரசியல் கையிலிருக்கும் கட்டணம் உறைந்துபோகிறது. குழுவின் கையில் போனால் திடீரென்று பாய்கிறது. இரண்டிலும் பயணிக்கு இடமில்லை. மூன்று பேர் குழுவில் பயணிகள் சார்பில் ஒருவர்கூட உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

எதை வைத்துக் கணக்கு?

மலையடிவாரத்து டவுன் பஸ்ஸில் போகிறவருக்கு ஸ்டேஜ் கணக்கு தெரியும். ஒரு ஸ்டேஜ் தாண்டினால் கட்டணம் ஒரு படி ஏறும். மெட்ரோவிலும் அதே முறைதான். படிகளைக் கிலோமீட்டரில் வகுத்திருக்கிறார்கள். சென்னையில் 2021இல் வந்த அடுக்குகள் இவை: 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. பெங்களூரின் 2025 பட்டியலில் 2 வரை 10, 4 வரை 20, 6 வரை 30, 8 வரை 40, 10 வரை 50, 15 வரை 60, 20 வரை 70, 25 வரை 80, அதற்கு மேல் 90.

மூன்று கிலோமீட்டர் போகிறவருக்கு இரண்டு ஊரிலும் 20 ரூபாய்தான். ஒன்பது கிலோமீட்டர் போகிறவருக்குச் சென்னையில் 30, பெங்களூரில் 50. இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு 50க்கு எதிராக 80. குட்டித் தூரத்தில் சமம். தூரம் கூடக்கூட இடைவெளி விரிகிறது. நகரத்தின் ஓரத்தில், வாடகை குறைவான இடத்தில் குடியிருந்து தினமும் நடுநகருக்கு வேலைக்கு வருகிறவரை இந்த இடைவெளிதான் தாக்கும். அடுக்கின் அகலம் ஒரு சமூகத் தீர்மானம். சென்னையின் மூன்றாம் அடுக்கு ஏழு கிலோமீட்டர் அகலம்; பெங்களூரின் மூன்றாம் அடுக்கு இரண்டே கிலோமீட்டர்.

நீளப் போனால் கிலோமீட்டருக்கு விலை குறையும் என்ற இந்த ஏற்பாட்டில் ஒரு பள்ளம் உண்டு. பயணம் ஒரே வண்டியில், ஒரே டிக்கெட்டில் நடந்தால்தான் அந்த லாபம் கிடைக்கும். இடையில் வண்டி மாறி வேறு டிக்கெட் எடுத்தால் மறுபடியும் முதல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். சென்னை மெட்ரோவில் தொடர்ச்சியாக 12 கிலோமீட்டர் போனால் 30 ரூபாய். அதையே ஆறு ஆறாக இரண்டு டிக்கெட்டில் போனால் 60. பஸ்ஸில் கொஞ்சம், மெட்ரோவில் கொஞ்சம், புறநகர் ரயிலில் கொஞ்சம் என்று சேர்த்துப் போகிறவர் ஒவ்வொரு மாறுதலிலும் இந்தத் தண்டனையைக் கட்டுகிறார். வீட்டு வாசலிலேயே மெட்ரோ உள்ளவருக்கு இது கிடையாது.

போட்டியாளர்களின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு 10 ரூபாய். அதற்கு மாத சீசன் டிக்கெட்டும் உண்டு. மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அதாவது, தினம் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு மெட்ரோவின் 20 ரூபாய், பஸ்ஸின் பூஜ்ஜியத்தோடு மோதுகிறது. நேரம் மிச்சமாகும், குளுகுளு வசதி, பாதுகாப்பு எல்லாம் இருந்தாலும், மாதத்துக்கு இருபத்தைந்து நாள், போக வர 40 என்றால் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்தை யோசித்துத்தான் பலர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள்.

கட்டணத்தை ஏன் இன்னும் குறைக்கக் கூடாது என்று கேட்டால் நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. மத்திய, மாநில அரசுகள் சம பங்கு வைத்திருக்கும் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் ஜப்பானின் வளர்ச்சி உதவி முகமையான ஜைகாவின் கடனில் முதற்கட்டத்தைக் கட்டியது. 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், நீளம் 118.9 கிலோமீட்டர். இதிலும் பெரும்பகுதி வெளிக்கடன். மின்சாரம், பராமரிப்பு, சம்பளம் போக, கடனையும் டிக்கெட் வருமானத்திலேயே அடைப்பது நடக்காத காரியம். கொல்கத்தாவில் 5 ரூபாயில் கட்டணம் தொடங்க முடிவதற்குக் காரணம், 1984இல் தொடங்கிய அந்த மெட்ரோவை இந்திய ரயில்வேயே நடத்துவதும் அதன் பற்றாக்குறையை அங்கேயே தாங்கிக்கொள்வதும்தான். பற்றாக்குறையை யார் தாங்குவது என்று முடிவு செய்யாமல் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

டோக்கனிலிருந்து க்யூஆர் வரை

தொடக்கத்தில் சென்னையில் இரண்டு வழி இருந்தது. எப்போதாவது போகிறவருக்கு வட்ட டோக்கன். அடிக்கடி போகிறவருக்குப் பயண அட்டை. இரண்டுக்குள்ளும் ஒரு சிறு சில்லு. நுழையும் கேட்டில் தட்டினால் எந்த நிலையம், என்ன நேரம் என்பது அட்டையில் பதிவாகும். வெளியேறும் கேட்டில் தட்டினால் தூரத்தைக் கணக்கிட்டுப் பணத்தைக் கழிக்கும். வரிசை தேங்காமலிருக்க, இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். அதனால்தான் பணம் வங்கிக் கணக்கில் இல்லாமல் அட்டைக்குள்ளேயே இருக்கிறது. கேட் யாரிடமும் கேட்டுவிட்டு வரத் தேவையில்லை.

பிறகு க்யூஆர் வந்தது. கைபேசித் திரையிலோ காகிதத்திலோ அச்சாகும் சதுரக் கட்டம், எங்கிருந்து எங்கே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. டோக்கன்போல் அதைத் திரும்பச் சேகரிக்க வேண்டாம், எண்ணி அடுக்க வேண்டாம், தொலைந்துபோகும் என்ற கவலை வேண்டாம். 2023இல் வாட்ஸ்அப் வழியாகவும் டிக்கெட் எடுக்க முடிந்தது. பேடிஎம், போன்பே போன்ற செயலிகளும் சேர்ந்தன. டோக்கன் மெல்ல விலகி, கவுன்டரில் காகித க்யூஆர் அந்த இடத்தைப் பிடித்தது.

அட்டையின் பக்கமும் மாறியது. ஒரு மெட்ரோவின் அட்டை இன்னொரு ஊரில் செல்லாது என்ற நிலையை மாற்ற, தேசியப் பொதுப் பயண அட்டை 2019 மார்ச் மாதம் அறிமுகமானது. ரூபே வலையமைப்பில் இயங்கும் இந்த அட்டையைச் சென்னை மெட்ரோ, ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவோடு சேர்ந்து, 2023 ஏப்ரல் 14 அன்று சிங்காரச் சென்னை அட்டை என்ற பெயரில் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அதே அட்டை மாநகரப் பேருந்துகளுக்கும் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மெட்ரோவின் பழைய பயண அட்டைக்கு ரீசார்ஜ் நிறுத்தப்பட்டது. செப்டம்பர் 22 அன்று, ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா உருவாக்கிய சென்னை ஒன் செயலி வெளியானது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர்.

இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் டிக்கெட் ஒன்றானதே தவிர, கட்டணம் ஒன்றாகவில்லை. மூன்று வண்டிகளின் கட்டணத்தையும் கூட்டி ஒரே தொகையாக வாங்குகிறார்கள். அடுக்குகள் தனித்தனியேதான் தொடங்குகின்றன. மாறுதலுக்கான தண்டனை அப்படியே இருக்கிறது. கட்டும்போது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோ எடுத்துக்கொள்ள 2025இல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் சம்மதித்திருக்கிறது. அந்த வழியில் ரயில்வேயின் 5 ரூபாய் தொடருமா, மெட்ரோவின் அடுக்குகள் வருமா என்பதுதான் அங்கே பயணம் செய்கிறவர்களின் முதல் கவலை.

சலுகை யார் கைக்குப் போகிறது?

2021 அறிவிப்பில் கட்டணக் குறைப்போடு இன்னும் சில சேர்ந்து வந்தன. அட்டையிலோ கைபேசி க்யூஆரிலோ போனால் 20 சதவீதம் தள்ளுபடி. ஞாயிறும் பொது விடுமுறையும் பாதிக் கட்டணம். ஒருநாள் முழுக்க எத்தனை முறையும் போகலாம் என்று 100 ரூபாய்க்குச் சுற்றுலா அட்டையும் இருந்தது. வைப்புத்தொகை 50 தனி. பெங்களூரில் அட்டைக்கு 5 சதவீதமும், நெரிசல் இல்லாத நேரத்தில் போனால் கூடுதலாக 5 சதவீதமும் குறைகிறது.

தள்ளுபடிக்குப் பின்னால் நியாயமான கணக்கு உண்டு. ரொக்கம் வாங்க ஆள் வேண்டும், சில்லறை வேண்டும், இரவில் எண்ணி வங்கியில் கட்ட வேண்டும், காகிதம் அச்சடிக்க வேண்டும். வசூலிக்கும் செலவை மிச்சப்படுத்தித் தருகிறவருக்கு அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது சரிதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சென்னையில் 40 ரூபாய்த் தூரத்தை அட்டைக்காரர் 32க்குப் போகிறார். ரொக்கத்தை நீட்டி, கவுன்டரில் காகித டிக்கெட் வாங்குகிறவருக்கு அதே 40. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும் இருவரில் அதிகம் கட்டுபவர், நகரத்தை அதிகம் அறியாதவர்.

ஆலங்காயம் பக்கத்திலிருந்து போகிறவரை இதில் வைத்துப் பார்ப்போம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ ஒரு நாள் வேலையாக வந்தவர். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் இரண்டுமே அடுத்த நிலையம்தான். ஒரு முறை பயணத்துக்காக அட்டை வாங்கிப் பணம் ஏற்றினால் மீதிப் பணம் ஊரில் சும்மா கிடக்கும். ஒருநாள் சுற்றுலா அட்டை இருந்தபோதும் இவருக்கு அது கட்டுபடியாகவில்லை. போக 40, வர 40 என்றாலும் 80தானே ஆகிறது! மூன்றாவது பயணம் இருந்தால்தான் 100 ரூபாய் அட்டையால் லாபம். நகரைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு ஏற்ற அட்டை அது. காரியமாக வந்தவருக்கு அல்ல.

கைபேசியில் எடுக்கலாமே என்பார்கள். உண்மைதான், இன்று சிற்றூர்க் கடைகளிலும் யுபிஐ அட்டை தொங்குகிறது. இளைஞர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் பட்டன் போனோடு மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வரும் முதியவர், கைபேசியோடு வங்கிக் கணக்கை இணைக்காத பெண், நிலையப் பெயர்ப் பட்டியலில் இறங்க வேண்டிய இடத்தைத் தேடத் தெரியாதவர் என்று ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது. அவர்களுக்குக் கவுன்டர்தான் மெட்ரோ. கவுன்டர் ஒவ்வொன்றாக மூடப்படும்போது அவர்களுக்கு மட்டும் பாதை சுருங்குகிறது.

மற்ற ஊர்கள் கற்றது

தமிழர்களுக்கு நெருக்கமான சிங்கப்பூரில் இதற்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, 2010 ஜூலை முதல் பஸ்ஸும் ரயிலும் சேர்த்து மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம். இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை வண்டி மாறினாலும் அது ஒரே பயணமாகவே எண்ணப்படும். மாறுதலுக்குத் தண்டனை இல்லை. பஸ் வழித்தடங்களை ரயிலோடு போட்டி போடவிடாமல், ரயிலுக்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கும்படி அமைக்க இது உதவியது.

இரண்டாவது பாடம் 2024 ஜனவரியில் வந்தது. அட்டைக்குள் பணம் வைக்கும் பழைய முறையை நிறுத்தி, எல்லாரையும் கணக்கு அடிப்படையிலான சிம்ப்ளிகோ முறைக்கு மாற்றப்போவதாகப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. புதிய முறையில், கேட்டில் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பது திரையில் தெரியாது. செயலியில்தான் பார்க்க வேண்டும். பயணிகள் ஒப்பவில்லை. இரண்டு வாரத்துக்குள் முடிவைத் திரும்பப் பெற்று, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கினார்கள். மாதம் முழுக்கக் கையில் எண்ணிச் செலவு செய்கிறவருக்கு மீதி இருப்பு கண்ணில் தெரிவது பாதுகாப்பு. அதைச் சின்ன வசதி என்று நினைத்தது அதிகாரிகளின் தப்புக்கணக்கு.

நம் நாட்டிலும் நல்ல கூறுகள் இருக்கின்றன. அடையாளச் சரிபார்ப்பு இல்லாமலே பொதுப் போக்குவரத்துக்கு மட்டும் பயன்படும் முன்பண அட்டைகளை வழங்கலாம், அவற்றில் 3,000 ரூபாய் வரை வைத்திருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அனுமதித்தது. அதே ஆண்டு தில்லியில், ரயில்வே முன்பதிவு டிக்கெட்டோடு மெட்ரோவுக்கான க்யூஆரையும் சேர்த்து வாங்கும் ஏற்பாடு சோதனையாகத் தொடங்கியது. வெளியூர்ப் பயணியை மனத்தில் வைத்த ஏற்பாடு அது. ஆனால் முன்பதிவு செய்கிறவருக்கு மட்டும். வாணியம்பாடியில் ஏறுகிறவர்களில் பலர் அன்றைக்கு அன்றே முன்பதிவில்லா டிக்கெட் எடுத்து ஏறுகிறவர்கள்.

செய்யக்கூடியவை

2024ஆம் ஆண்டில் சென்னை மெட்ரோவில் 10.52 கோடிப் பயணங்கள் நடந்தன. இரண்டாம் கட்டப் பாதைகள் சேரும்போது இது பெருகும். பூந்தமல்லி, மாதவரம், சிறுசேரி என்று நகரின் விளிம்புகள் இணையும். வேலூர் வழியாகச் சாலையில் வருகிறவருக்குப் பூந்தமல்லிதான் சென்னையின் முதல் மெட்ரோ வாசலாக இருக்கும். அதற்குள் நான்கு காரியங்களைத் தீர்மானித்துவிடலாம்.

முதலில், ரொக்க டிக்கெட்டுக்கும் அட்டைக்குரிய அதே கட்டணம். வசூல் செலவை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் அடிக்கடி வருகிறவருக்கு மாதக் கணக்கில் சலுகை தரலாம். ஒற்றைப் பயணத்தில் ரொக்கம் கொடுத்தார் என்பதற்காக ஒருவரிடம் அதிகம் வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது, மாறுதல் சலுகை. சென்னை ஒன் செயலியும் சிங்காரச் சென்னை அட்டையும் ஒருவர் பஸ்ஸிலிருந்து மெட்ரோவுக்கு மாறியதைக் கண்டுகொள்ளும் ஆற்றலைத் தந்துவிட்டன. மொத்தத் தூரத்துக்குக் கட்டணம் என்பது இனித் தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல. வருமானத்தை மூன்று நிறுவனங்களும் எப்படிப் பங்கிடுவது என்ற பிரச்சினைதான், அதைத் தீர்க்கத்தானே கும்டா இருக்கிறது. மூன்றாவது, ரிசர்வ் வங்கி அனுமதித்தபடி, பெயரும் எண்ணும் கேட்காத அட்டையை நிலையத்திலேயே ரொக்கத்துக்கு விற்று, மீதிப் பணத்தோடு திரும்பப் பெற்றுக்கொள்வது. நான்காவது, ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி போன்ற நிலையங்களின் முன்பதிவில்லா கவுன்டரிலேயே, கேட்பவருக்குச் சென்னை மெட்ரோ டிக்கெட்டையும் சேர்த்துக் கொடுப்பது.

இதில் எதற்கும் புதிய தண்டவாளம் தேவையில்லை. தள்ளுபடியில் சிறிது வருமானம் குறையும் என்பது உண்மை. ஆனால் கட்டணத்தை உயர்த்துவதற்குக் குழு அமைக்கும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கும்போது, அதை நியாயமாகப் பங்கிடவும் ஒரு ஏற்பாடு வேண்டும். கட்டண நிர்ணயக் குழு அமையும் ஒவ்வொரு முறையும் பயணிகள் தரப்பிலிருந்து ஒருவரை, முடிந்தால் நகரத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களின் சார்பில் ஒருவரை, கேட்டுவிட்டுத்தான் அறிக்கை எழுத வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினால் போதும். கடனுக்கான வட்டியையும் பற்றாக்குறையையும் வரிப்பணத்தில் தாங்குவதில் ஆலங்காயத்துக்கும் பங்கு உண்டு. கட்டணம் பேசப்படும் அறையில் அதற்கும் ஒரு நாற்காலி கேட்பது உரிமைதான்.